நான்காம் எண் விசிறி

நின்றுபோன நான்காம் எண் ஆலை விசிறியிலிருந்து கிரீஸ் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆயில்காரர் குனிந்து பார்த்தார். ஆலைக்கு விடுமுறை விட்டு ஆறு நாளாகிறது. இயந்திரங்கள் குளிர்ந்து கிடக்கும் இந்த வாரத்தில்தான் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் மாற்றுவார். நண்பகல் வெயில் கூரைக் கண்ணாடி வழியே இறங்கி நின்ற அந்தப் பெரிய கூடத்தில் அவரைத் தவிர ஆள் கிடையாது. கிரீஸ் என்பது வேறொன்றுமில்லை, எண்ணெயைப் பஞ்சுபோல் பிடித்து வைத்திருக்கும் ஒருவகைச் சோப்பு. விசிறித் தண்டைத் தாங்கும் பேரிங் சுழன்று சூடேறினால் கொஞ்சங்கொஞ்சமாக எண்ணெயை விடும். ஆறிக் கிடக்கும் பேரிங்கிலிருந்து சொட்டவே கூடாது.

தொட்டார். வெதுவெதுவென்று தண்ணீராய் ஓடியது. ஊதா நிறம்.

இந்த ஆலையில் சிவப்பு கிரீஸ் உண்டு, நீல கிரீஸ் உண்டு. தனித்தனியே இரண்டும் தங்கம். ஆனால் இரண்டின் சோப்புக்கும் ஒத்துவராது. கலந்தால் ஊதாவாகி நீர்த்து ஒழுகிவிடும், பேரிங் காய்ந்து இறுகிவிடும். போன வருடம், சிவப்பு டப்பா கூடத்தின் மறுகோடியில் இருக்கிறதே என்று சோம்பல்பட்டு, கையிலிருந்த நீலத்தையே இந்த விசிறிக்கு அடித்துவிட்டார். பதினெட்டாம் நாள் தண்டு முறிந்து இறக்கை பறந்தது. பக்கத்தில் நின்று அடிபட்டுச் செத்த ஃபிட்டர் அவருடைய தங்கை புருஷன். விசாரணையில் ‘பழைய பேரிங்’ என்று எழுதி முடித்தார்கள். ஆயில்காரர் வாயைத் திறக்கவில்லை. தங்கையையும் இழந்துவிட்டால் அவருக்கு வேறு யார்?

அதன்பிறகு போட்ட புதுப் பேரிங்குக்கு அவர் நீலத்தைக் காட்டியதே இல்லை.

போன் அடித்தது.

“அண்ணா, சாப்பாடு ஆறுது. எங்க இருக்க?”

“ஒரே ஒரு மிசின்மா. முடிச்சுட்டு வந்துடறேன்.”

“உன் ஒண்ணு எப்பவும் ஒம்பதாகும். நான் போனை வைக்க மாட்டேன், அப்பத்தான் கிளம்புவ.”

சிரித்தபடி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பேரிங் கூட்டில் ஊன்றி, பிடியைக் காதில் ஒட்டினார். மருத்துவர் நெஞ்சில் குழாய் வைப்பதுபோலத்தான். நல்ல பேரிங் சீராக ரீங்காரமிடும், காய்ந்தது கரகரக்கும். நின்றது பேசாது. அவர் இப்படிக் கேட்கும்போதெல்லாம் ஃபிட்டர் மறுபுறம் வந்து விரல்முட்டியால் தட்டுவார். “மச்சான், உள்ள ஆள் இருக்காங்களா பாரு!” காது அதிரும். இருவரும் சிரிப்பார்கள்.

டொக். டொக்.

மறுபுறம் எட்டிப் பார்த்தார். யாருமில்லை.

டொக்.

வெளியிலிருந்து வரவில்லை. உள்ளிருந்து.

மூச்சு இரைப்பு. காய்ந்த கரகரப்பு. பிறகு, ஸ்க்ரூ டிரைவர் கம்பி வழியே, மிகப் பக்கத்தில்:

“மச்சான், என்னத்த வச்ச?”

ஒரு வருடமாகத் தொண்டையில் இறுகிக் கிடந்தது மெல்ல இளகியது.

“நீலம்… நீலத்த வச்சேன் மாப்ள. தெரிஞ்சேதான் வச்சேன்.”

தட்டல் நின்றது.

சட்டைப்பைக்குள் தங்கை மூச்சுவிடுவது கேட்டது. “அண்ணா,” என்றாள். போன் துண்டிக்கப்பட்டது.

காதிலிருந்து பிடியை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. இறுகியிருந்தது.

எண்ணெய் கீழேதான் ஓடும். மேலே ஏறாது.

கம்பியில் ஊதா ஏறிக்கொண்டிருந்தது. பாதி. முக்கால். பிடி.

காதுக்குள், வெதுவெதுவென்று.

எதிரே விசிறி மெல்ல ஒரு சுற்று சுற்றியது.