புல்தரையில் போன சான்று

2019 ஏப்ரல் 9, அம்மான். ஐந்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றுக்குப் பசுமைச் சான்று மறுக்கப்பட்டது.

மறுநாள் காலை, அதை வடிவமைத்த பெண் பொறியாளர் ருந்த் நிம்ரி, ஓய்வுபெற்ற காவல் அதிகாரி சுஃப்யானையும் அவருடைய உதவியாளர் லுப்னாவையும் மேல்தளத்துக்கு அழைத்துச் சென்றார்.

"முன்முற்றமும் இந்த மேல்தளமும் திறந்தவெளிக் கணக்கு, உஸ்தாத். அதுல கால் பங்கு செடி இருக்கணும். நான் மர்யமிய்யான்னு ஒரு வாசனைச் செடி வெச்சேன். பரிசோதகர் வந்து பார்த்தா மொத்தமும் புல்லு. புல் கணக்குல சேராது. தோட்டக்காரர் அபூ ஆயித் யார்கிட்டயோ கை நீட்டிக் காசு வாங்கியிருக்கார்னு முதலாளி மதியம் போலீசுக்குப் போறார்."

"எதிர்க் கட்டடத்துக்காரன் வேலைதான்!" என்றார் லுப்னா.

"போன வாரம் நம்ம கார் டயர் பஞ்சரானதுக்கும் நம்ம எதிர் வீட்டுக்காரனைத்தானே சொன்னே?" என்றார் சுஃப்யான்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பிடுங்கிய செடிகள் குவிந்து கிடந்தன. சுஃப்யான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வேர்களில் ஈரம் இருந்தது. தண்டுகளில் ஓர் இலைகூட இல்லை. பதினோரு மணிக்கு அலுவலக ஊழியர்களையும் அபூ ஆயித்தையும் மேலே வரச் சொன்னார். தேநீர் நேரம், கையில் கிளாசோடு வந்தார்கள்.

"இதுல கத்தரி படல. நகத்தால கிள்ளியிருக்கு. சில காயம் காஞ்சு போச்சு, சிலது இன்னும் பச்சை. பல வாரமா நடந்திருக்கு. எல்லாரும் அவங்கவங்க கிளாசைப் பாருங்க."

ஒவ்வொன்றிலும், முன்பே கிள்ளிக் காயவைத்த மர்யமிய்யா இலை ஒன்று மிதந்தது.

"ஒரு இலைதானே, உஸ்தாத்!" என்றார் கணக்கர்.

"இருநூறு பேரு. நாளுக்கு மூணு டீ."

ருந்த் தன் கிளாசைச் சுவரோரம் வைத்தார்.

"கிள்ளுறது தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று அபூ ஆயித்தைக் கேட்டார் சுஃப்யான்.

"டீக்கு ஒரு இலை எடுக்குறவங்களைப் போய் எப்படிங்க தடுக்குறது? குச்சி குச்சியா நின்னுச்சு. பரிசோதகர் வர்றப்போ மொட்டையா இருந்தா இன்ஜினியரம்மாவுக்குத்தானே அவமானம்? பச்சையா இருக்கட்டும்னு பிடுங்கிட்டுப் புல்லைப் போட்டேன்."

"அந்தக் குச்சிங்களை விட்டிருந்தாலே போதும், அபூ ஆயித்" என்றார் ருந்த். "செடின்னே கணக்குல எடுத்திருப்பாங்க. ரெண்டு மாசத்துல துளிர்த்திருக்கும்."

அபூ ஆயித் குனிந்து ஒரு குச்சியை எடுத்துப் பார்த்தார்.

போலீசில் புகார் கொடுக்கப்படவில்லை. அந்த ஆண்டு சான்று கிடைக்கவில்லை. செடிகளை மறுபடி நடும் வேலை வெளி நிறுவனம் ஒன்றுக்குத் தரப்பட்டது. அபூ ஆயித் மாதக் கடைசியில் சொந்த ஊரான கரக்குக்குத் திரும்பினார்.