இடது பக்கத்துச் சுவர்

தட்டல் இடது பக்கத்துச் சுவரிலிருந்து வந்தது. வலது பக்கத்திலிருந்து வந்திருந்தால் க்ளெண்டா தலையைக்கூட நிமிர்த்தியிருக்க மாட்டாள். அங்கே ஆர்ச்சி இருந்தான். அவனுக்குச் சர்க்கரை தீர்ந்திருக்கும், இல்லையென்றால் பந்தயத்தில் தோற்ற குதிரையைத் திட்ட ஒரு துணை வேண்டியிருக்கும். இடது பக்கத்து வீட்டில் யாரும் இல்லை. அங்கே இருந்த பெஸ்ஸி ஈஸ்டருக்கு முன்பே மகளோடு தெற்கே போய்விட்டாள். நகராட்சி ஆட்கள் வந்து சன்னல்களிலும் கதவிலும் இரும்புத் தகடு அடித்துவிட்டுப் போனார்கள். தெருவில் பாதி வீடுகள் இப்போது அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு நின்றன.

மூன்று தட்டல். ஓர் இடைவெளி. மறுபடி மூன்று.

சாயங்காலம்கூட ஆகவில்லை, ஆனால் டிசம்பர் மாதத்தில் வட இங்கிலாந்தின் ஸ்கார்லா ஊருக்குச் சாயங்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைப்பதற்குள் வெளிச்சம் வடிந்துவிடும். அன்று மூடுபனியும் சேர்ந்துகொண்டது. அது மேட்டிலிருந்து இறங்கி, மூடிய நிலக்கரிச் சுரங்கத்தின் கோபுரம் நின்றிருந்த வெற்றிடத்தைக் கடந்து, வரிசை வீடுகளின் நடுவே வந்து படுத்துக்கொண்டது. கதவிடுக்கு வழியாக நனைந்த புகைக்கரியின் வாசனை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை, வெகுநாள் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்தது போல, பழைய தண்ணீரும் துருவும் கலந்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெலிதாக. க்ளெண்டா கணப்படுப்பின் முன்னால் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி பாதித் தோலில் நின்றது.

சுவரில் அப்படித் தட்டுவது அந்தத் தெருவின் வழக்கம். நெருப்பு கிளறும் கம்பியால் கணப்பின் பின்சுவரில் ஒரு தட்டு தட்டினால் டீ போட்டிருக்கிறேன், வா என்று அர்த்தம். மூன்று தட்டினால் உடனே வா. பிரசவ வலி, மாடிப்படியில் விழுந்த கிழவர், சுரங்கத்திலிருந்து வந்த கெட்ட சேதி, எல்லாமே மூன்றுதான். கேட்டவர் ஒரு தடவை திருப்பித் தட்ட வேண்டும். கேட்டுவிட்டது, வருகிறேன் என்பது அதன் பொருள். தட்டிவிட்டுப் போகாமல் இருந்தவர் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. தட்டாமலே இருந்தது ஒரே ஒரு தடவை, ஸ்ட்ரைக் வருடத்தில். ஸ்ட்ரைக்கை மீறி, போலீஸ் வண்டியில் ஏறி வேலைக்குப் போன லென்னியின் வீட்டுச் சுவருக்கு மட்டும் தெரு பதில் தட்டவில்லை.

குளிரில் செங்கல் சுருங்குகிறது என்று அவள் நினைத்துப் பார்த்தாள். அது மூன்று மூன்றாகச் சுருங்காது. நகராட்சி ஆட்களாக இருக்கலாம். ஆனால் வண்டி எதுவும் வரவில்லை. யாராவது பையன்கள் பின்பக்கமாக நுழைந்திருக்கலாம். நுழைந்தவன் ஏன் உதவிக்குத் தட்டப் போகிறான்? உதவி தேவைப்பட்டால்தான். அப்படியானால் உள்ளே ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறானா? இப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவள் கை கம்பியை எடுத்துவிட்டது. எடுத்து, பின்சுவரில் ஒரு தடவை தட்டியும் விட்டது.

தட்டல் உடனே நின்றது.

அந்த நிற்றல்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. அடிபட்டவன் பதில் கிடைத்தால் கத்துவான், இன்னும் வேகமாகத் தட்டுவான். இது அப்படி இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது போல இருந்தது.

வில்ஃபிடம் சொல்லக் கூடாது என்று முதலில் முடிவு செய்தாள். அவள் கணவன் கொல்லைத் தோட்டத்தில் லீக் வெங்காயப் பாத்திக்குக் கோணி போர்த்தப் போயிருந்தான். சுரங்கம் மூடியதிலிருந்து அவனை வீட்டுக்குள் வைத்திருப்பதே அவள் வேலையாக இருந்தது. வில்ஃபும் ஆர்ச்சியும் மீட்புப் படையில் இருந்தவர்கள். யார் எங்கே சிக்கினாலும் முதலில் இறங்குகிறவர்கள். மற்றவர்கள் நஷ்ட ஈட்டுப் பணத்தில் கார் வாங்கினார்கள், குடித்தார்கள், ஊரைவிட்டுப் போனார்கள். வில்ஃப் சுரங்க வாயை அடைத்த சிமெண்ட் மூடியின்மேல் காதை வைத்துப் படுத்துக் கிடந்தான். அவள்தான் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டி வந்தாள். கோடையில் ஒரு தடவை. இலையுதிரும் காலத்தில் இன்னொரு தடவை, நல்ல மழையில்.

அவன் பின்கதவைத் திறந்து வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான். தட்டல் மறுபடி கேட்டது.

"பெஸ்ஸி வீட்ல யாரு?"

"யாருமில்ல. குழாய்ல தண்ணி உறையுது."

"குழாய் எண்ணி எண்ணித் தட்டுமா?" அவன் கை கயிற்றிலேயே நின்றது. "நீ பதில் தட்டினியா?"

பொய் சொல்லியிருக்கலாம். பிற்பாடு அதைத்தான் நினைத்தாள். இல்லை என்று ஒரு சொல்.

"ஒரு தடவ. கை தானாப் போயிடுச்சு, வில்ஃப்."

அவன் தலையை ஆட்டிவிட்டுக் கயிற்றைத் திரும்பக் கட்டத் தொடங்கினான். அவன் முகத்தில் வெகுகாலமாக இல்லாத ஒன்று வந்திருந்தது. அதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கே அவள் பயந்தாள்.

முன்கதவு திறந்தது. ஆர்ச்சி, கோட்டுக்கு அடியில் பைஜாமாவோடு.

"என்ன மாப்ள, வீட்ல தச்சு வேலையா? ரேடியோவுல குதிரை கடைசி வளைவுல வருது, சுவர்ல டக்கு டக்குன்னு ஒருத்தன். என் குதிரை மிரண்டு பின்னால போயிடுச்சு."

"உன் குதிரை பொறந்ததுலேருந்தே பின்னாலதான் போவுது," என்றான் வில்ஃப். "பெஸ்ஸி வீடு. கடப்பாரை எடுத்துட்டு வா."

ஆர்ச்சி க்ளெண்டாவைப் பார்த்தான். அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது.

வில்ஃப் கணப்பு மாடத்திலிருந்து தன் சுரங்க விளக்கை எடுத்து, துடைத்து, ஏற்றினான். அவன் எதற்கு அதை எடுக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். சுரங்கத்தின் பம்புகளை நிறுத்திய பிறகு கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஏறும் தண்ணீர் பழைய குடைவுகளில் கிடந்த காற்றை மேலே தள்ளியது. செத்த காற்று என்று அதைச் சொல்வார்கள். அதில் சுடர் நிற்காது, மூச்சும் நிற்காது. இந்த மாதிரி பனி அமுக்கும் நாளில்தான் அது தரைக்கு மேல் வரும். போன குளிர்காலத்தில் கடைசி வீட்டு நாய் கூண்டுக்குள்ளேயே, சோற்றுத் தட்டில் முகத்தை வைத்தபடி செத்துக் கிடந்தது.

அவள் கதவை மறித்து நின்றாள்.

"போகாத. உள்ள செத்த காத்து இருக்கும். ஃபயர் சர்வீஸ்காரங்க வரட்டும்."

"டர்ஹாம் டவுன்லேருந்து இந்தப் பனியில வர்றதுக்குள்ள விடிஞ்சிடும்."

"தட்டினது நான். என் தப்பு. நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

"க்ளெண்டா." அவன் குரலை உயர்த்தவில்லை. "லென்னி பொண்டாட்டி அன்னிக்கு விடிய விடியத் தட்டினா. அந்தாளுக்கு நெஞ்சடைப்பு. தெருவே காதைப் பொத்திக்கிட்டுப் படுத்திருந்துச்சு. நானும்தான். இன்னொரு தடவ என்னால முடியாது."

"உன் கால்ல விழறேன், வில்ஃப்."

அவன் அவளைத் தோளைப் பிடித்து மெதுவாக ஒதுக்கினான், ஒரு நாற்காலியை நகர்த்துவதுபோல. "எட்டிப் பாத்துட்டு வந்துடறேன். கிழங்கை அடுப்புல வை."

அவள் கிழங்கை வைக்கவில்லை. பின்னாலேயே போனாள். ஆர்ச்சியின் கடப்பாரையில் தகடு கதறிக்கொண்டு பிரிந்தது. பெஸ்ஸியின் முன்னறையில் சுவர்க்காகிதம் ஈரத்தில் உரிந்து தொங்கியது. தன் வீட்டுக்குள் மெலிதாக வந்த அந்த வாசனை இங்கே தொண்டையில் உட்கார்ந்தது. கணப்பு இருந்த இடத்தில் கணப்பு இல்லை. அதன் கல் உள்ளே சரிந்து, ஓர் ஆள் இறங்கும் அகலத்துக்கு ஒரு குழி, விளிம்பில் அறுந்த வேர்கள் போலச் செங்கற்கள். குழியிலிருந்து காற்று வந்தது. வெதுவெதுப்பாக. யாரோ வாயைத் திறந்து வைத்திருப்பது போல.

வில்ஃப் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினான். சுடர் மெலிந்தது. அணைந்தது.

வில்ஃப் கயிற்றை மேலே இழுத்தான்.

"அவ்ளோதான். கீழ உசுரோட யாரும் இருக்க முடியாது. வா, போகலாம்."

அவளுக்கு வெளியே ஓடிப்போய் அழ வேண்டும் போல இருந்தது. அவன் சொல்லிவிட்டான். போகலாம் என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான்.

குழிக்குள் தட்டல். மூன்று. மிக அருகில், விளிம்புக்கு ஒரு கை கீழே.

வில்ஃப் மண்டியிட்டான். அவன் மட்டுமல்ல, அந்தத் தெருவில் பிறந்த எவனும் அதைத்தான் செய்திருப்பான். அணைந்த விளக்கின் அடிப்பாகத்தால் செங்கல்லில் ஒரு தடவை தட்டினான்.

செங்கல் போனது. கூடவே அவன்.

கத்தவில்லை. விழுந்த சத்தம்கூட வரவில்லை. ஆர்ச்சி பாய்ந்து பிடித்ததில் வில்ஃபின் கோட்டு மட்டும் கையோடு வந்தது. க்ளெண்டா விளிம்பில் குப்புற விழுந்து கையை உள்ளே நீட்டி அவன் பெயரைக் கத்தினாள், கத்தக் கத்தப் பெயர் மெலிந்தது, கண்ணுக்குள் கரும்புள்ளிகள் கூடின. ஆர்ச்சி அவள் கணுக்காலைப் பற்றித் தெருவரை இழுத்து வந்து, அவள் வீட்டுக்குள் தள்ளி, கணப்பின் முன்னால் உட்காரவைத்தான்.

"மூச்சு விடு. நல்லா இழுத்து விடு. தெருக்கோடி போன் பெட்டிக்குப் போறேன். அந்தக் குழிகிட்ட போன, உன்னை நானே கொன்னுடுவேன், கேட்டியா?" அழுதுகொண்டே சொன்னான். பனி அவனை வாசலிலேயே விழுங்கியது.

அவள் மூச்சு விட்டாள். நெருப்பைப் பார்த்தாள். இருமினாள். கிழங்குத் தோல் சட்டியில் கிடந்தது. ஆர்ச்சியின் காலடி தேய்ந்து, தெரு முழுவதும் ஓசையற்றுப் போனது. கயிறு கொண்டு வருவார்கள். ஏணி. முகமூடி. ஆட்கள் இல்லாமல் போய்விட்டார்களா என்ன? வருவார்கள். வர வேண்டும்.

பின்கதவுத் தாழ்ப்பாள் தூக்கப்பட்டது.

வில்ஃப்.

தலையிலிருந்து கால்வரை கரி. சுரங்கத்தில் குளியலறை கட்டுவதற்கு முந்தைய காலத்து ஆண்கள் வீடு திரும்பியது போல. அவளைப் பார்க்காமல் நடந்து வந்து, ஸ்டூலை நெருப்புக்கு முன்னால் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். சட்டையைக் கழற்றினான்.

"முதுகு தேய்ச்சு விடு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பீறிட்டன. எப்படி ஏறினாய், எங்கே அடி, பாவி, என் உயிரே போய்விட்டது, என்று என்னென்னவோ பிதற்றினாள். கெட்டிலிலிருந்து சுடுதண்ணீரைப் பேசினில் ஊற்றினாள். துணியை நனைத்தாள். பின்கழுத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினாள்.

கரி வந்தது. தண்ணீர் கறுத்தது. கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினாள். மறுபடி கரி. தோள்பட்டையில் அவனுக்கு ஒரு நீலத் தழும்பு உண்டு. கல் விழுந்து வெட்டிய இடத்தில் கரித்தூள் தங்கி நீலமாகிப்போனது. அதைத் தேடினாள். அந்த இடத்தை இரண்டு கையாலும் தேய்த்தாள். கரிக்கு அடியில் கரி இருந்தது. துணியில் சூடு இருந்தது. அது பட்ட இடத்தில் இல்லை.

"வில்ஃப்?"

இடது பக்கத்துச் சுவரில் தட்டல்.

ஒன்று. இரண்டு. கொஞ்சம் தாமதித்து, மூன்று.

கைநிறையச் சாமானோடு வந்து பின்கதவை உதைக்கும்போதும், குளியலறைக் கதவில் விரலால் தட்டும்போதும் அப்படித்தான் தட்டுவான். கல்யாணமான நாளிலிருந்து கேட்ட தட்டல். உலகத்தில் வேறு யாருக்கும் அந்தத் தாமதம் கிடையாது.

அவள் கம்பியைத் தேடினாள். கம்பி, உட்கார்ந்திருந்தவனுக்கு அந்தப் பக்கம் கிடந்தது.

"விடு," என்றது ஸ்டூலில் இருந்தது. திரும்பவில்லை. "அங்க யாருமில்ல."

வில்ஃபின் குரல். ஆனால் வில்ஃப் அதைச் சொல்ல மாட்டான். செத்தாலும் சொல்ல மாட்டான்.

ஒன்று. இரண்டு. நீண்ட தாமதம். மூன்று.

கத்த வாயைத் திறந்தாள். காற்று வரவில்லை. சுவருக்கு எட்டும் தூரம்தான். முஷ்டியால் ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு, அவனுக்குப் போதும். கையை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். துணியிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும்.

கை வரவில்லை.

குனிந்து பார்த்தாள். துணி தேய்ந்திருந்த இடத்தில் முதுகு குழிந்து கொடுத்திருந்தது. ஈரக் கரியைப் போல. அவள் விரல்கள் உள்ளே இருந்தன. மணிக்கட்டு வரை உள்ளே இருந்தது. இன்னும் உள்ளே, வெதுவெதுப்பாக, காற்று.

"தேய்."

சுவரில் ஒன்று. இரண்டு.

அவள் மூன்றாவதுக்காகக் காத்திருந்தாள். தேய்த்தபடியே காத்திருந்தாள்.