முப்பத்தொரு கறுப்பு வட்டங்கள்

1974, ஏப்ரல் 22, திங்கட்கிழமை. காலை 9.10.

பொம்மிடிக்குத் தெற்கே, ஆனைக்கரட்டின் உச்சியில் இருந்த அலுவலக அறையில் எல்சா லிண்ட் தன் பெட்டியைத் திறந்தார். முப்பத்தொரு காகித உறைகளை மேஜைமேல் வரிசையாக வைத்தார். ஒவ்வோர் உறையிலும் உள்ளங்கை அகலத்தில் வட்டமாக ஒரு வடிதாள். முப்பத்தொன்றும் கன்னங்கரேலென்று இருந்தன.

கண்காணிப்பாளர் நஞ்சப்பன் தாள்களைத் திருப்பி, பின்புறம் அச்சிட்டிருந்த எண்களைப் பார்த்தார். எல்லாம் மார்ச் மாதம் அவர் கையால் மாட்டி எடுத்தவைதான்.

“நம்பர் என்னுதுதாங்க. இந்தக் கரி என்னுது இல்லீங்க” என்றார்.

எல்சா பதினான்கு நாடுகளில் பதினான்கு காற்றுக் கண்காணிப்பு நிலையங்களை ஒருங்கிணைப்பவர். நகரத்துக் காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், கெடாத காற்று எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். அதற்காகத் தேர்ந்தெடுத்த இடங்களில் ஆனைக்கரடும் ஒன்று. இங்கே நாற்பதடிக் கோபுரத்தின் மேல் ஒரு பம்பு நாள் முழுக்கக் காற்றை இழுத்து வடிதாள் வழியே விடும். மாதம் முடிந்ததும் தாள்கள் எல்சாவின் ஆய்வகத்துக்குப் போகும். ஒரு நிலையத்தின் எண்களை மற்ற பதின்மூன்றும் நம்பிப் பயன்படுத்தும்.

“மற்ற இடங்களைவிட நாற்பது மடங்கு கரி. ஒரு நிலையம் தவறினால் எல்லார் கணக்கும் தவறிவிடும், மிஸ்டர் நஞ்சப்பன். என்னால் இதை வைத்துக்கொள்ள முடியாது” என்றார் எல்சா.

10.30. அரசாங்கச் சொத்து என்பதால் சப்-இன்ஸ்பெக்டர் அர்த்தநாரி ஜீப்பில் வந்தார். வேலிக்குள் மூன்று பேர்தான் வேலை செய்தார்கள். நஞ்சப்பன், குமாஸ்தா யாகப்பன், காவல்காரன் மாதையன். தாள்கள் இருந்த பீரோவின் சாவி ஆணியில் தொங்கியது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். மாதையனின் கொட்டகைக்குள் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு இருந்தது. சுவரெல்லாம் புகைக்கறை.

அர்த்தநாரிக்கு அது போதுமாக இருந்தது. மாதையனை ஜீப்பில் ஏற்றினார்.

11.40. பொம்மிடி தபால் அலுவலகம்.

தந்திக் கருவியின் முன் சகாயமேரி உட்கார்ந்திருந்தாள். முப்பத்தாறு வயது. ராகி விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்து, மோர்ஸ் படித்து, ஆறு வருஷமாக இதே நாற்காலியில் இருப்பவள். ஊருக்கு அவள் தந்தியம்மா.

மாதையன் மனைவி பாஞ்சாலி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தந்தியம்மா, எம் வூட்டுக்காரர போலீசு புடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க. அவரு ஒரு தப்பும் பண்ணலீங்க. வேலை போச்சுன்னா நானும் புள்ளைங்களும் எங்க போவோம்?”

அவளுக்குப் பின்னால் நஞ்சப்பன் வந்தார். ஒரு தந்திப் படிவத்தை நீட்டினார். எல்சா எழுதியது. பதின்மூன்று நிலையங்களுக்கு ஒரே செய்தி: மார்ச் தாள்கள் கறுப்பு, ஆனைக்கரட்டின் எண்களை நீக்குங்கள், நிலையம் மூடப்படுகிறது.

சகாயமேரி இரண்டு முறை படித்தாள்.

“அண்ணே, தாள் கறுப்பா இருந்துச்சுங்கறாங்களா?”

“கரிச்சட்டி மாதிரி இருக்குதும்மா.”

அவள் எழுந்து அலமாரியிலிருந்து மார்ச் மாதக் கட்டை எடுத்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் நஞ்சப்பன் டெல்லிக்கு ஏழு எண்கள் தந்தியடிப்பார். கோபுரத்தில் தாளை எடுத்ததும் ஒரு சாம்பல் நிற அட்டையோடு ஒப்பிட்டு, வெளுப்புக்கு ஒன்று, கறுப்புக்குப் பத்து என்று அவர் போடும் எண்கள். சகாயமேரி ஒவ்வொன்றையும் தன் விரலால் அடித்தவள்.

“மார்ச்சு முழுக்க ஒண்ணும் ரெண்டும்தான் குடுத்திருக்கீங்க. ஒரே ஒரு நாள் மூணு.”

“ஆமாம்மா. அப்படித்தான் இருந்துச்சு.”

சகாயமேரி படிவத்தில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தாள். “இந்தச் சொல்லு விளங்கல. விளங்காத சொல்ல, எழுதினவங்களக் கேக்காம அனுப்பக் கூடாதுன்னு ரூல் இருக்குதுங்க.”

சொல் நன்றாகவே விளங்கியது. போஸ்ட்மாஸ்டர் படிவத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், இரண்டு மணி நேரம் அனுமதி கொடுத்தார். அவள் மார்ச் மாதக் கட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மதியம் 12.50. ஆனைக்கரடு.

எல்சா வியப்போடு அந்தச் சொல்லை வாசித்துச் சொன்னார். சகாயமேரி நன்றி சொல்லிவிட்டு மேஜையைப் பார்த்தாள். கறுப்பு வட்டங்கள். நீல மையில் தேதி எழுதிய உறைகள். பக்கத்தில், அவை எல்சாவின் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்த அட்டைப்பெட்டி. அதன்மேல் சுங்கப் படிவம் ஒட்டியபடியே இருந்தது.

“மேடம், இன்னிக்குத் தாள எடுக்கறதப் பாக்கலாமா?”

நஞ்சப்பன் முன்னே ஏறினார். சகாயமேரி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் ஏறினாள். மேலே காற்று காதில் அடித்தது. நஞ்சப்பன் ரப்பர் வளையத்தைத் திருகிக் கழற்றி, தாளை இடுக்கியால் எடுத்தார். நடுவில் லேசான மங்கல். வளையம் அழுத்தியிருந்த ஓரம் முழுக்க, ஒரு விரற்கடை அகலத்துக்குப் பாலாக வெளுத்திருந்தது. தாளை உறையிலிட்டு ஒட்டினார். கம்பியில் நூல்கட்டித் தொங்கிய பென்சிலால் உறைமேல் தேதியை எழுதினார்.

“பேனா இல்லீங்களா, அண்ணே?”

“காலைல பனி விழும்மா. மை கலங்கிப் போவும். முதல் நாளிலிருந்தே பென்சில்தான்.”

“நீங்க லீவு போட்டா?”

“மாதையன் ஏறுவான். அவனுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன்.”

“யாகப்பன்?”

“அவனுக்கு முழங்கால் வலி. ஒரு நாளும் ஏறினதில்ல.”

சகாயமேரி இறங்கினாள். யாகப்பனை அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இரண்டு வரிசை முன்னால் நிற்பவன்.

1.35. அலுவலக அறை. அர்த்தநாரியும் மாதையனை அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார். சகாயமேரி கேட்டதால் எல்சா ஆள் அனுப்பியிருந்தார்.

“யாகப்பா, மார்ச்சு மாசப் பொட்டலத்த யாரு கட்டுனது?” சகாயமேரி கேட்டாள்.

“நான்தான். எப்பவும் நான்தானே கட்றேன்.”

“என்னிக்கு?”

“ஏப்ரல் ஒண்ணு.”

“அன்னிக்கு இங்க வேற யாரு இருந்தாங்க?”

நஞ்சப்பன் பதில் சொன்னார். “நான் பம்பு பெல்ட்டு வாங்கச் சேலம் போயிருந்தேன்.”

மாதையன் மெல்லச் சொன்னான். “என்னைய யாகப்பன் சாரு கீழ ரேசன் கடைக்கு அனுப்புனாருங்க. வர மத்தியானம் ஆயிருச்சு.”

“பொட்டலம் எங்க கவுன்ட்டருக்கு எப்பவும் ஒம்பது மணிக்கு வரும். அன்னிக்கு மூணரைக்கு வந்துச்சு. ஏன்?”

“ஜீப்பு கெடைக்கல.”

“உறைமேல தேதி யாரு எழுதறது?”

“நஞ்சப்பண்ணன்தான். மேலேயே எழுதி ஒட்டிக் கொண்டாந்துருவாரு. நான் அதைத் தொடவே மாட்டேன்.”

“சரி” என்றாள் சகாயமேரி. இன்று எடுத்த தாளை எல்சாவின் முன் வைத்தாள். பக்கத்தில் ஒரு கறுப்புத் தாள்.

“மேடம், ஓரத்தப் பாருங்க.”

எல்சா பார்த்தார். அவர் கை கண்ணாடியைத் தேடியது. அணிந்துகொண்டு மறுபடியும் பார்த்தார். கறுப்புத் தாளில் வெள்ளை ஓரமே இல்லை. கரி விளிம்புவரை படிந்திருந்தது.

“வளையத்துக்கு அடியில் கரி போகாது” என்றார் மெதுவாக.

“போகாதுங்க. இது காத்து கொண்டாந்த கரி இல்ல. தாளக் கழட்டுனதுக்கு அப்புறம் யாரோ மண்ணெண்ணெய்ப் புகையில காட்டியிருக்காங்க. நஞ்சப்பண்ணனுக்கும் மாதையனுக்கும் அந்த வெள்ள ஓரம் தெரியும். அவங்க செஞ்சிருந்தா அதை விட்டுட்டுத்தான் செஞ்சிருப்பாங்க.”

அர்த்தநாரி தொண்டையைச் செருமினார். “ஓரம் தெரியாதவன்தான் செஞ்சான்னு மட்டும் வச்சுக் கேஸ் போட முடியாதும்மா.”

“முடியாதுங்க. எல்லாரும் தாளையே பாத்தோம். உறைய யாரும் பாக்கல.”

அவள் ஓர் உறையை எடுத்தாள்.

“ஒட்டின உறையக் கிழிக்காம தாள வெளிய எடுக்க முடியாது. கிழிச்சா புது உறை வேணும். முப்பத்தொரு நாளும் கோபுரத்து மேல பென்சில்ல எழுதினது. இதுல முப்பத்தொண்ணும் மை. ஒரே மூச்சுல, ஒரே பேனாவால எழுதினது. பென்சில்ல எழுதறது எதுக்குன்னு மேல ஏறாதவருக்குத் தெரியாது, கைல இருந்த பேனாவையே எடுத்துட்டாரு.”

சகாயமேரி தந்திக் கட்டையும் பிரித்து மேஜைமேல் வைத்தாள்.

“ஆறு வருசமா ஊரு கையெழுத்த எல்லாம் படிக்கிறவ நான். நஞ்சப்பண்ணன் ஏழு போட்டா வெறும் ஏழு. அண்ணன் எழுதுன இந்தத் தந்திப் படிவங்கள்ல பாருங்க. இந்த உறைங்கள்ல எழுபத்தி நாலுன்னு வருசம் வர்ற இடத்துல எல்லாம் ஏழுக்குக் குறுக்க ஒரு கோடு இருக்குது. எழுத்த அண்ணன் மாதிரியே போட்டிருக்காங்க. கோடு மட்டும் கைப்பழக்கத்துல விழுந்திருக்குது.”

அட்டைப்பெட்டியைத் திருப்பினாள். சுங்கப் படிவத்தில் தேதி. ஏழுக்குக் குறுக்கே கோடு. கீழே கையொப்பம்: சே. யாகப்பன்.

நஞ்சப்பன் படிவத்தையும் உறையையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

“ஏன் யாகப்பா?” என்று நஞ்சப்பன்தான் கேட்டார்.

யாகப்பன் தரையைப் பார்த்தபடி சொன்னான். நிலையத்தைச் சுற்றி மூன்று மைலுக்குக் கல் உடைக்க வெடி வைக்கக் கூடாது என்று உத்தரவு. நிலையம் போய்விட்டால் கரடு முழுவதும் குவாரிக்காரர் சென்றாயன் கைக்கு வரும். யாகப்பனுக்கு அங்கே மேனேஜர் வேலை. “நிலையம் மூடினாப் போதும்னுதான் சொன்னாரு. மாதையன் மாட்டுவான்னு நான் நெனைக்கல.”

“மாட்டுனப்ப நீ ஒண்ணும் சொல்லலையே” என்றாள் சகாயமேரி.

அர்த்தநாரி மாதையன் பக்கம் திரும்பினார். “போய்யா, வூட்டுக்குப் போ. நானே கொண்டுபோய் விடறேன்.” சற்று நின்று, “தப்பு என்னுதுதான்” என்றார். பிறகு யாகப்பனையும் ஜீப்பில் ஏற்றச் சொன்னார். சென்றாயன் வீடு எங்கே என்று விசாரித்துக்கொண்டார்.

எல்சா தந்திக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“இந்த எண்களை நான் பார்த்ததே இல்லை. டெல்லியிலேயே நின்றுவிடும், வருஷக் கடைசியில்தான் எங்களுக்கு வரும்.”

“வாரா வாரமே வந்திருந்தா, தாள் வந்த அன்னிக்கே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்குமுங்க, மேடம்.”

எல்சா பழைய படிவத்தை இரண்டாகக் கிழித்தார். புதிதாக ஒன்று கேட்டு வாங்கி, இந்த முறை அச்சுப்போல் தெளிவாக எழுதினார்.

மாலை 4.20. தபால் அலுவலகம். சகாயமேரி தந்திக் கருவியில் விரலை வைத்தாள். பதின்மூன்று நாடுகளுக்கும் ஒரே செய்தி: ஆனைக்கரடு தொடர்கிறது. மார்ச் மாதத்துக்கு அதன் தந்தி எண்களை ஏற்கவும். இன்று முதல் எல்லா நிலையங்களும் தாள்களோடு, வாரந்தோறும் தந்தியிலும் எண்களை ஒன்றுக்கொன்று நேரடியாக அனுப்ப வேண்டும். இந்த முறைக்குப் பெயர் பொம்மிடி முறை.

பொம்மிடி என்ற சொல்லை அவள் கொஞ்சம் நிதானமாகவே அடித்தாள். ஜன்னலுக்கு வெளியே பாஞ்சாலியும் மாதையனும் நின்றிருந்தார்கள். எதற்கு நிற்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. போக மனம் வரவில்லை.

மறுநாள் காலையிலிருந்து பதில்கள் வரத் தொடங்கின. ஒரு தீவிலிருந்து முதலாவது. பனிமலை ஒன்றிலிருந்து இரண்டாவது. மாலைக்குள் பதின்மூன்றும் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஏழேழு எண்கள். ஒன்றும் இரண்டுமாக, சுத்தமான காற்றின் எண்கள்.

பதினான்காவது தந்தியில் எண் இல்லை. எல்சா லிண்ட் சென்னையிலிருந்து அனுப்பியிருந்தார். முகவரி நிலையத்துக்கு இல்லை. ‘தந்தியாளர், பொம்மிடி’ என்று இருந்தது. பதின்மூன்று நிலையங்களும் ஒப்புக்கொண்டன, நன்றி, என்று நான்கே சொற்கள்.

ஊருக்கெல்லாம் தந்தி எழுதிக்கொடுத்தவளுக்குத் தன் பேருக்கு வந்த முதல் தந்தி. சகாயமேரி அதைத் தன் கையாலேயே எழுதி, மடித்து, உறையிலிட்டு ஒட்டினாள். பட்டுவாடாப் பதிவேட்டைத் திறந்து நேரம் குறித்தாள். பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகு எழுந்து கவுன்ட்டரின் மறுபக்கம் வந்து நின்று, உறையைப் பிரித்தாள்.