கார்டு என்ன கலர்?

திங்கட்கிழமை காலை ஒன்பதரை. வாடகைக் கார் அலுவலகத்தின் போன் அடித்தபோது கவுன்ட்டர் பெண் கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. எடுத்து வணக்கம் சொன்னாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. கேட்கக் கேட்க முகம் வெளிறியது. கடைசியில் போனை முதலாளியிடம் நீட்டினாள்.

பேசியது போன வாரம் இங்கே வண்டி எடுத்த ஒரு நர்ஸ். ஒரு கீறல் இல்லாமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்தவர். செக்யூரிட்டி டெபாசிட்டாகப் பிடித்து வைத்த தொகையையும் சனிக்கிழமை அலுவலகம் விடுவித்துவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதே கார்டு நம்பரில் யாரோ ஆன்லைனில் ஒரு பெரிய டிவி வாங்கியிருக்கிறார்கள். யார் என்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் போலீஸுக்குப் போவேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

முதலாளிக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. அது எகிறுவதைக் காதின் நிறத்தை வைத்தே அலுவலகத்தில் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். இப்போது காது இரண்டும் செக்கச்செவேல். நர்ஸ் வந்த அன்று அவர் வெளியூரில் இருந்தார். அலுவலகத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர். கவுன்ட்டர் பெண், வெளியே வண்டி கழுவும் அண்ணன், அப்புறம் மேனேஜர். மேனேஜர் என்றால் முதலாளி மனைவியின் தம்பி. நேரில் 'சார்', முதுகுக்குப் பின்னால் 'மச்சான்'.

பத்து மணிக்கு இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தாள். அவள் வந்தது வேறு வேலையாக. நசுங்கிப்போன ஒரு பம்பரைப் பார்த்து, நஷ்ட ஈடு கொடுக்கலாமா கூடாதா என்று எழுத வேண்டும். புதுப் பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும் பழைய கீறலையும் மோப்பம் பிடித்துவிடுவாள் என்பதால் 'கீறல் அக்கா' என்ற பெயர் அவளுக்கு நிலைத்துவிட்டது. அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்படவில்லை, விசிட்டிங் கார்டில் போடாததுதான் பாக்கி.

பம்பரைத் தடவிக்கொண்டே, வண்டியை ஓட்டிய ஆளிடம் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"இடிச்ச வண்டி என்ன கலர்?"

அந்த ஆள் திணறினான். வெள்ளை மாதிரி இருந்தது, சாம்பலாகவும் இருக்கலாம், பயத்தில் சரியாகப் பார்க்கவில்லை என்றான். அக்கா சரி என்று எழுதிக்கொண்டு அவனை அனுப்பிவிட்டாள்.

முதலாளி அவளை அப்படியே உள்ளே கூட்டிக்கொண்டு போய் நடந்ததைக் கொட்டினார். எத்தனையோ பொய் கிளெய்மைப் பிடிச்சவங்க, இதையும் கொஞ்சம் பாருங்க மேடம் என்று கெஞ்சாத குறை. அக்காவின் போனில் சார்ஜ் இல்லை. வாடிக்கையாளர்கள் உட்காரும் சோபாவுக்குப் பக்கத்தில், மேனேஜர் கேபினின் பிளைவுட் தடுப்புக்கு அடியில் ஒரு சார்ஜர் தொங்கியது. வயர் ஒரு முழம்கூடத் தேறாது. அதில் செருகிவிட்டு, முதுகை வளைத்துக் குனிந்தபடியே நர்ஸைக் கூப்பிட்டாள்.

நர்ஸ் படபடவென்று பேசுகிற ரகம். "டெபாசிட் கட்டுறதுக்குன்னே பேங்க் ஆப்ல புதுசா உருவாக்கின நம்பர் மேடம் அது. விர்ச்சுவல் கார்டு. வேற எங்கயும் அதை நான் குடுக்கவே இல்ல. அப்ப உங்க ஆபீஸ்லதானே திருடு போயிருக்கணும்?"

நியாயமான பேச்சு. டிவி வாங்கிய கடை ஓடிபி கேட்காத கடை. டெலிவரி விலாசத்தைப் போலீஸுக்கு மட்டும்தான் தருவார்களாம். அக்கா நன்றி சொல்லி வைத்தாள்.

சந்தேகப் பட்டியலிலிருந்து வண்டி கழுவும் அண்ணன் முதலில் கழன்றுகொண்டார். அலுவலகத்தின் ஒரே கேமரா வண்டிகள் நிற்கும் இடத்தைப் பார்த்து மாட்டப்பட்டிருந்தது. முதலாளிக்குக் கவலையெல்லாம் வண்டிகளைப் பற்றித்தான். நர்ஸ் உள்ளே இருந்த நேரம் முழுக்க, அண்ணன் வெளியே குழாயும் கையுமாக ஒரு வேனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது பதிவில் தெளிவாக இருந்தது. மிச்சம் இரண்டு பேர்.

கவுன்ட்டர் பெண்ணை அக்கா வெளியே அழைத்துப்போய் நிழலில் நிறுத்தி வைத்துக் கேட்டாள்.

"டெபாசிட் எப்படி எடுத்தே?"

"வழக்கம்போலத்தான்க்கா. கார்டை வாங்கினேன், மெஷின்ல சொருகினேன், திருப்பிக் குடுத்தேன்."

"கார்டு என்ன கலர்?"

பெண் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். "கவனிக்கலைக்கா."

"லைட் கலரா, டார்க் கலரா?"

"ஞாபகம் இல்ல."

கண் கலங்கிவிட்டது. யாரிடமும் சொல்லாத ஒன்றை அப்போது சொன்னாள். அடுத்த மாதம் ஒரு விமானக் கம்பெனியின் கவுன்ட்டரில் வேலைக்குச் சேரப் போகிறாள். மூன்று முறை இன்டர்வியூ போய்க் கிடைத்தது. சேர்வதற்கு முன்னால் போலீஸ் விசாரணை உண்டு. திருட்டுப் புகாரில் இவள் பெயர் வந்தால் அந்த வேலை அவ்வளவுதான். இந்த வேலையும் போகும். அக்கா அவள் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

கவுன்ட்டர் கண்ணாடியில் முதலாளி ஒட்டிய அறிவிப்பு இருந்தது. 'டெபாசிட்டுக்குப் பிளாஸ்டிக் கார்டு மட்டுமே. விதிவிலக்கு கிடையாது.' அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு மச்சானின் கேபினுக்குள் நுழைந்தாள்.

மச்சான் எழுந்து நாற்காலி போட்டான், காபி சொல்லட்டுமா என்றான், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினான். இவ்வளவு உபசாரம் கிடைத்தாலே அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிடும். தடுப்புக்கு அந்தப் பக்கம் கவுன்ட்டர் பெண் யாருக்கோ போனில் புக்கிங் நம்பர் சொல்வது ஒவ்வொரு இலக்கமாகக் காதில் விழுந்தது. தடுப்பு கூரை வரைக்கும் போகவில்லை. ஆள் உயரத்தோடு நின்றுவிட்டது.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். பாவம், வயசுப் பொண்ணு," என்று குரலைத் தாழ்த்தினான் மச்சான். "கதவு திறந்திருந்துச்சு. கஸ்டமர் கார்டைக் குடுத்தாங்க. இவ அதைக் கவுன்ட்டருக்குக் கீழே கொண்டுபோய், முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு போன்ல போட்டோ எடுத்தா. அப்புறம்தான் மெஷின்ல சொருகினா."

"கார்டு என்ன கலர் தம்பி?"

"நீலம். ஓரத்துல ஒரு வெள்ளிக் கோடு," என்றான் மச்சான் பட்டென்று.

அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். கேபின் நல்லா குளுகுளுன்னு இருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மச்சான் அதே கதையை முதலாளியிடமும் சொன்னான். முதலாளிக்கு அது போதுமானதாக இருந்தது. நாலு வருஷமாகச் சாவிக்கொத்தை நம்பிக் கொடுத்து வைத்திருந்த பெண்ணிடமிருந்து மதியமே அதை வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். ஐந்து மணிக்கு நானே ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். கார்டை மெஷினில் சொருகியதாகத்தான் பெண் அவரிடமும் சொன்னாள், அதற்கு மேல் வாதாடவில்லை. சோபாவின் நுனியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க அக்காவுக்குத் தாங்கவில்லை. வெளியே போய் நர்ஸுக்கு இன்னொரு போன் போட்டு, இரண்டே இரண்டு கேள்வி கேட்டாள்.

மாலை நாலு மணி. அக்கா முதலாளியிடம் ஒரு பேனாவும் பேப்பரும் கொடுத்து, மச்சானின் கேபினுக்குள் உட்கார்ந்து காதில் விழுவதை எழுதச் சொன்னாள். கதவைச் சாத்தச் சொன்னாள். மச்சானும் பெண்ணும் பார்த்துக்கொண்டிருக்க, சோபா பக்கத்துச் சார்ஜரில் போனைச் செருகி, குனிந்து, ஒரு நம்பரை இலக்கம் இலக்கமாகப் படித்தாள். கூடவே மாதம், வருஷம், கடைசியில் மூன்று ரகசிய இலக்கம். பிறகு கேபின் கதவைத் திறந்தாள். முதலாளி பேப்பரைக் காட்டினார். ஓர் இலக்கம் தப்பவில்லை.

"இப்ப சொல்லுங்க சார். நான் கையில வெச்சிருந்த கார்டு என்ன கலர்?"

"நான் எங்கே பார்த்தேன்? கறுப்பா?"

அக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கார்டே இல்லை. சார்ஜரில் தொங்கும் போன் மட்டும்தான் இருந்தது.

"அந்த நர்ஸ்கிட்டயும் கார்டு இல்ல சார். பஸ்ல பர்ஸைப் பறிகொடுத்து, இருந்த எல்லாக் கார்டையும் பேங்க்ல சொல்லி நிறுத்தி வெச்சிருந்தாங்க. அப்பாவுக்கு உடம்பு முடியல, உடனே ஊருக்குப் போயாகணும். அதனாலதான் ஆப்ல ஒரு நம்பரை உருவாக்கிக் குடுத்தாங்க. அதுக்கு நிறமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது. உங்க மச்சான் நீலம்கிறார், வெள்ளிக் கோடுங்கிறார். இல்லாத கார்டை எப்படிப் பார்த்தார்?"

மச்சான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். "மெஷின்ல சொருகினேன்னு அவளே சொன்னாளே. அதுவும் பொய்தானே?"

"பொய்தான்," என்றாள் அக்கா. "ரெண்டு பேரும் ஒரே பொய்யைத்தான் சொன்னீங்க. ஆனா கார்டே இல்லைன்னு அவளுக்குத் தெரியும். அதனால நிறம் கேட்டதும் வாய் வரலை. உங்களுக்கு அது தெரியாது. காதால கேட்டதோட சரி. பிளாஸ்டிக் மட்டும்தான்னு ஆபீஸ் ரூல் இருக்கே, கார்டு இருந்திருக்கும்னு நீங்களே முடிவு பண்ணி அதுக்குப் பெயின்ட்டும் அடிச்சிட்டீங்க. என் தொழில்ல இதைத் தினமும் பார்க்கிறேன் தம்பி. நிஜமா இடி வாங்கினவன் கலரைச் சொல்லத் திணறுவான். இடியே நடக்காத கேஸ்லதான் கலர் பளிச்னு வரும்."

பெண் எழுந்து நின்றாள். ரூலை மீறியது தான்தான் என்று முதலாளியிடம் ஒப்புக்கொண்டாள். நர்ஸின் போன் அணைகிற நிலையில் இருந்தது, சார்ஜரை விட்டு எடுக்க முடியவில்லை, அதனால் அவர் அங்கேயே குனிந்து படித்தார், இவள் மெஷினில் கையால் அடித்தாள். ஊருக்குப் போக வழியில்லாமல் நின்றவரைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து மறைத்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு," என்று அக்கா சேர்த்துக்கொண்டாள். டெபாசிட் திரும்பி வந்ததும் மறக்காமல் அந்த நம்பரை அழித்துவிடுங்கள் என்று நர்ஸுக்குச் சொல்லி அனுப்பியதே இந்தப் பெண்தான். அப்பாவைக் கவனித்துக்கொண்டிருந்ததில் நர்ஸ்தான் மறந்துவிட்டார். திருட நினைப்பவள் பூட்டைப் பற்றி ஞாபகப்படுத்துவாளா? டிவி எங்கே போனது என்று போலீஸ் கேட்டால் கடை ஒரே நாளில் விலாசத்தைக் கொடுத்துவிடும், அதற்குள் நீங்களே சொல்லிவிடுவது நல்லது என்று மச்சானிடம் சொன்னாள்.

மச்சான் முதலாளியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், சாத்தியிருந்த வாசல் கதவைப் பார்த்தான்.

"டிவி வீட்டுலதான் இருக்கு மாமா. டப்பாவைக்கூடப் பிரிக்கல," என்றான்.

முதலாளி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். காதில் சிவப்பு இல்லை, முகத்தில் ரத்தமே இல்லை. சாயங்காலம் மனைவியிடம் எதைச் சொல்லி எங்கே ஆரம்பிப்பது என்பது ஒரு பக்கம். விசாரிக்காமல் ஒரு பெண்ணைத் திருடி என்று முடிவு கட்டியது இன்னொரு பக்கம். நர்ஸுக்குத் தானே போன் போட்டார், நடந்ததை மறைக்காமல் சொன்னார், மன்னிப்புக் கேட்டார். புகார் கொடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம், கொடுத்தால் இவனை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். பிறகு டிராயரைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்துப் பெண்ணிடம் நீட்டினார்.

"உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்மா. கேட்காதது என் தப்பு."

பெண் சாவியை வாங்கவில்லை. "பரவாயில்ல சார். என்னை இன்னிக்கே ரிலீவ் பண்ணிடுங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் முதலாளிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். கையில் பெட்டி, தோளில் தூங்கும் குழந்தை. அவசரமாக ஒரு வண்டி வேண்டும், பிளாஸ்டிக் கார்டு இல்லை, போனில்தான் இருக்கிறது, டெபாசிட்டுக்கு அது ஆகுமா என்று கேட்டார்.

முதலாளி கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். ஆகும் என்றார். கவுன்ட்டருக்குப் பின்னால் போய் மெஷினைக் கையில் எடுத்தார், திருப்பினார், கவிழ்த்துப் பார்த்தார். தன் கடையின் மெஷினில் நம்பரைக் கையால் எப்படி அடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வந்தவர் உதவுகிறேன் பேர்வழி என்று போனைப் பார்த்து உரக்க, "நாலு, ஏழு..." என்று ஆரம்பித்தார்.

வாசல் வரைக்கும் போன பெண் நின்றாள். திரும்பி வந்து முதலாளியின் கையிலிருந்து மெஷினை வாங்கிக்கொண்டாள்.

"வாயால சொல்லாதீங்க சார்," என்றாள் வந்தவரிடம். "என் பக்கமா திருப்பிக் காட்டுங்க, போதும்."