எட்டாம் வீட்டு ஈரம்

காலையிலிருந்து விடாமல் பெய்த மழையில் மற்ற ஏழு வீடுகளின் ஈர எண்களும் ஏறிக்கொண்டே போக, எட்டாம் வீட்டின் எண் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஐம்பத்திரண்டு. மதியம் சாப்பிட உட்காரும் முன் வீட்டுக்காரர் பார்த்தபோது ஐம்பத்திரண்டு. கைகழுவித் துண்டில் துடைத்து, சாய்வு நாற்காலியில் சரிந்து, மறுபடி போனைத் திறந்தபோதும் அதே ஐம்பத்திரண்டு. வெளியே கூரைக் குழாய்கள் குடகுடவென்று கொட்ட, கதவுகளெல்லாம் உப்பி, ஜாடியில் உப்பு கட்டி தட்டி, அலமாரியில் மடித்து வைத்த துணிகூட நமத்துப்போய்க் கிடக்கிற நாளில் எந்த வீட்டுக் காற்றும் அவ்வளவு உலர்ந்திருக்காது.

அவருக்கு இதெல்லாம் தெரியாத சங்கதியல்ல. தெருவின் எதிர்ப்புறம் கீழே நாலும் மாடியில் நாலுமாக நின்ற எட்டு வீடுகளும் அவருடையவை. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைக் கருவி ஒன்றை ஒட்டி வைத்திருந்தார். உள்ளே எவ்வளவு சூடு, காற்றில் எவ்வளவு ஈரம் என்று அது அவருடைய போனுக்கும் குடியிருப்பவர் போனுக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும். ஈரம் அறுபத்தைந்தைத் தாண்டினால் சுவரைச் செப்பனிட்டுத் தருவது வீட்டுக்காரர் பொறுப்பு. தாண்டாவிட்டால் குடியிருப்பவர் பாடு. வீட்டு வாரியத்தின் விதி அது. விதி வந்த நாளிலிருந்து அவர் மூச்சுக்கு முந்நூறு தடவை போனைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "நாலாம் வீட்ல குளிச்சிட்டுக் கதவச் சாத்தறதில்லயா?" என்று மழைக்கோட்டோடு கிளம்பிவிடுவார். குடியிருந்தவர்கள் அவருக்கு 'டிகிரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். படித்து வாங்கிய டிகிரி இல்லை என்பது அவருக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

எட்டாம் வீட்டில் இப்போது இருந்தவள் அவருடைய ஒரே மகள். முப்பது வயது தாண்டியும் அவருக்கு அவள் பாப்பாதான். புருஷனோடு ஒத்துவராமல் பெட்டியும் கையுமாக வந்தவள், "உங்க பேச்சக் கேட்டுக்கிட்டு உங்க வீட்ல இருக்க முடியாதுப்பா, எதிர்ல ஒரு வீடு குடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டாள். காலியாக இருந்தது அது ஒன்றுதான். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங். குழந்தையாக இருந்தபோது மழைக்காலம் முழுக்க அவளை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கியவர் அவர். உலகத்தில் அவர் பயந்த ஒரே சத்தம் அந்த விசில் மூச்சுதான்.

"அந்த வீடு வேண்டாங்க," என்று அவருடைய மனைவி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள்.

"ஈரத்தத் தடுக்கிற பெயிண்ட் ரெண்டு கோட்டு அடிச்சாச்சு. இன்னும் என்ன?"

"நான் சுவரச் சொல்லல."

அவள் எதைச் சொன்னாள் என்பது அவருக்குப் புரிந்தது. புரியாதது மாதிரி எழுந்து போய்விட்டார்.

அந்த வீட்டில் முன்பு ஒரு தையல்காரி இருந்தாள். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற பெண் ஒன்று. மாடியின் கோடி வீடு என்பதால் மழை அதை இரண்டு பக்கமும் அறையும். கட்டிலை ஒட்டிய சுவரில் முதலில் சாம்பல் பூத்தது, பிறகு கறுத்தது, பிறகு விரல் வைத்தால் காரை மாவாக உதிர்ந்தது. பெண்ணுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. தையல்காரி தெருவைக் கடந்து வந்து கேட்டுக்கு வெளியே நிற்பாள். "ஐயா, ஒரு தடவ வந்து சுவத்தத் தொட்டுப் பாருங்களேன்." அவர் போனைத்தான் நீட்டுவார். "ஐம்பத்திரண்டு. உன் போன்லயும் அதான காட்டுது? துணிய உள்ள காயப் போட்டா சுவரு என்னம்மா பண்ணும்?" அவள் அந்த எண்ணையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். ஒரு தடவைகூட அவர் போய் அந்தச் சுவரைத் தொடவில்லை.

அடுத்த மழையில் அந்தப் பெண் செத்துப்போனாள். தையல்காரி அன்றைக்கும் கேட்டுக்கு வந்தாள். பெண்ணின் தலையணையைக் கையோடு கொண்டு வந்து அவர் கண் முன்னால் பிழிந்தாள். அழுக்குத் தண்ணீர் அவள் முழங்கை வழியாக வடிந்தது. அழவில்லை. "உங்க பொண்ணும் ஒருநாள் மூச்சுக்குத் தவிப்பா. அப்பவும் நீங்க இந்தப் போனையே பாத்துக்கிட்டு நில்லுங்க," என்றாள். பெற்ற வயிறு, எதையாவது புலம்பும் என்று அவர் கேட்டைச் சாத்திக்கொண்டார். மழை ஓயும் முன் அவளும் அதே கட்டிலில் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது போன் அடித்தது. மகள்தான்.

"அப்பா, பக்கத்து வீட்ல யாராவது தையல் மெஷின் வச்சிருக்காங்களா?"

"ஏழாம் வீட்ல ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருப்பாங்க. ஏன்?"

"சத்தம் அந்தப் பக்கம் இல்லப்பா. கட்டிலுக்குப் பின்னாடி."

கட்டிலுக்குப் பின்னால் வெளிச்சுவர். அதற்கு அப்பால் மாடி உயரத்தில் வெறும் மழை. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். முதலில் மழைச் சத்தம்தான் கேட்டது. பிறகு அதன் அடியில், அவசரமே இல்லாமல், கால் மிதிக்க மிதிக்க ஓடி ஓடி நிற்கிற டகடகப்பு. அதற்கும் அடியில் இன்னொரு சத்தம். மெல்லிய விசில்.

"பாப்பா, உனக்கு மூச்சு இழுக்குதா?"

"கொஞ்சம். இன்ஹேலர் அடிச்சேன், கேக்கல. ஈரத்துணி நாத்தம் வேற, குடலப் புரட்டுது. வந்து சுவத்தத் தொட்டுப் பாருங்களேன்."

"ஐம்பத்திரண்டுதான் காட்டுது. ஈரமே இல்ல. துணிய உள்ள காயப் போட்டியா?"

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்கே கேட்டது.

"ஜன்னலத் திறந்து வை, நான் வரேன்," என்று போனை வைத்தார். வைத்த கையோடு ஞாபகம் வந்தது. கருவி கூடக் குறையக் காட்டினால் சரிசெய்துகொள்ள அந்தச் செயலியில் ஓர் இடம் உண்டு. தையல்காரியின் முதல் புகாருக்குப் பிறகு, இதே நாற்காலியில் உட்கார்ந்து, எட்டாம் வீட்டுக்கு மட்டும் இருபதைக் கழித்துக் காட்டும்படி அதில் போட்டுவிட்டிருந்தார். அதைத் திரும்ப எடுக்கவே இல்லை. பெயிண்ட் அடித்தவர், கட்டில் மாற்றியவர், பெற்ற மகளைக் குடிவைத்தவர், அதை மறந்துவிட்டார். அவள் எழுபத்திரண்டில் படுத்துக்கிடக்கிறாள்.

செருப்பைத் தேடிக்கொண்டே கண் போனுக்குப் போனது. பழகிய கண்.

எண் நகர்ந்திருந்தது. அறுபது.

ஒற்றைக் காலில் செருப்போடு நின்றார். அறுபத்தாறு. அவர் பார்க்கப் பார்க்க எழுபத்து மூன்று. கூடவே சூடும் ஏறியது. முப்பத்தேழில் போய் நின்றது. அவர் வாடகைக்கு விட்ட எந்த வீடும் மழை நாளில் அப்படிச் சுட்டதில்லை. ஓர் ஆளின் உடம்புக்குள்தான் அந்தச் சூடு இருக்கும்.

எண்பது.

அதோடு இருபதைக் கூட்டினால் நூறு. நூறு என்றால் காற்று இனி ஒரு சொட்டுத் தண்ணீரும் தாங்காது. அதற்கு மேல் எண் கிடையாது. கருவியைக் கொடுத்த கடைக்காரர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

எண்பத்து மூன்று. எண்பத்தாறு.

"என்னங்க, யாரு போன்ல?" என்று உள்ளறையிலிருந்து மனைவி கேட்டாள். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்.

தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். காலில் இருந்த ஒற்றைச் செருப்பும் அதோடு போனது. நனைந்த உடம்போடு மாடிப்படியில் கால் வைத்தவர் சறுக்குமென்று கைப்பிடியைப் பற்றினார், சறுக்கவில்லை. படி உலர்ந்திருந்தது. மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தும் மாடி நடையில் ஒரு பொட்டு ஈரமில்லை. கோடையில் இருப்பதுபோல் தரை காலில் சுட்டது. கோடி வீட்டை நெருங்க நெருங்க ஈரத்துணி நாற்றமும் மெஷின் எண்ணெய் நாற்றமும் தொண்டையில் வந்து அடைத்தன. டகடகப்பு இங்கே தெளிவாகக் கேட்டது. அவர் நின்றபோது அதுவும் நின்றது. அவர் ஓர் அடி வைத்ததும் மறுபடி தொடங்கியது.

சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை. தோளால் இடித்தார். மரம் உப்பி நிலையோடு நிலையாக இறுகியிருந்தது.

"பாப்பா! கதவ உள்ள இழும்மா!"

உள்ளே மெஷின் நின்றது.

"பாப்பா!"

"வந்துட்டீங்களா ஐயா?" என்றது மகளின் குரல்.

பிறந்ததிலிருந்து அவரை அவள் அப்பா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"எத்தன தடவ கூப்பிட்டேன். இன்னைக்குத்தான் படி ஏற மனசு வந்துச்சு." குரல் மகளுடையது. பேச்சு மகளுடையதல்ல. கதவின் மறுபக்கத்தில், அவருடைய காதுக்கு நேராக, உதடு மரத்தில் உரசுகிற அளவுக்கு நெருங்கி வந்து பேசியது. "எவ்வளவு காட்டுது ஐயா?"

"அம்மா... தாயே... தப்புத்தான். நான் பண்ணது பாவந்தான். எம் பொண்ணு என்னம்மா பண்ணினா? என்னை எடுத்துக்கோ. அவள விட்டுடு."

"எம் பொண்ணு என்ன பண்ணினா ஐயா?"

அவர் ஜன்னல் பக்கம் ஓடினார்.

நடையைப் பார்த்த ஜன்னல் சாத்தியிருந்தது. கண்ணாடி முழுக்க உள்ளிருந்து ஆவி படிந்திருந்தது. அவர் முகத்தை வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. உள்ளேயிருந்து ஒரு சின்ன விரல் ஆவியைத் துடைத்தது. வட்டமாக, பொறுமையாக, அவர் ஒரு கண்ணை வைத்துப் பார்க்கிற அளவுக்கு.

அவர் கண்ணை வைத்தார்.

அறை முழுக்கத் தண்ணீர். தரையிலிருந்து கூரைவரை. கலங்கலாக, சாம்பல் நிறத்தில், அசையாமல். மெத்தை விரிப்பு கூரையடியில் மிதந்தது. இன்ஹேலர் மெல்லச் சுழன்று சுழன்று கண்ணாடிப் பக்கம் வந்து போனது. கதவிடுக்கில் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

நடு அறையில் மகள். நின்ற வாக்கில். கூந்தல் மேல்நோக்கி விரிந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. அவரைப் பார்த்தன. வாய் திறந்து மூடியது.

உயிர் இருந்தது. இன்னும் உயிர் இருந்தது.

நடையில் கிடந்த பூந்தொட்டியைத் தூக்கி அடித்தார். கண்ணாடி உடைந்தது. தண்ணீர் கொட்டவில்லை. உடைந்த ஓட்டைக்குள் அது நிமிர்ந்தபடியே நின்றது, சுவர் மாதிரி. அதிலிருந்து வெதுவெதுப்பாக ஏதோ அவர் முகத்தில் வந்து அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது. மூச்சு.

கம்பிக்குள் கையை விட்டார். முழங்கைவரை. தோள்வரை. கண்ணாடிச் சில்லு கிழித்தது; பொருட்படுத்தவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் துழாவினார்.

"புடிச்சுக்கோ பாப்பா! அப்பா கையப் புடிச்சுக்கோ!"

பிடித்தது.

இறுக்கமாக, ஆசையாக, ஐந்து விரலும் அவருடைய விரல்களுக்குள் கோத்துக்கொண்டன. அவருக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "விடாத தங்கம், விடாத," என்று கன்னத்தைக் கம்பியில் பதித்துக்கொண்டு, பலங்கொண்ட மட்டும் இழுத்தபடி, உடைந்த ஓட்டையின் வழியாக அவளைப் பார்த்தார்.

மகள் அதே இடத்தில்தான் இருந்தாள். வாய் இப்போது மூடவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் உள்ளங்கை விரிந்து, வெறுமையாக, பக்கவாட்டில் மிதந்துகொண்டிருந்தன.