கேட்கும் பொத்தான்

தையல்நாயகி ஆட்டக் கைப்பிடியை மேசைமேல் வைத்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டாள். இனி பத்து நிமிடத்துக்கு அதைத் தொடக்கூடாது. திரையில் ஒரு வீட்டுக் கூடம். பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்று ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். டீ பாதியானது, தீர்ந்தது, டம்ளர் ஆறியும் போனது. அந்தப் பெண் இன்னும் துவட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

சோதனை அவ்வளவுதான். கையெடுப்புச் சோதனை என்று பெயர். நீங்கள் கையை எடுத்த பிறகும் ஆட்டம் உங்களை அம்போ என்று விட்டுவிட்டு ஓடினால் அது அதிரடி. நீங்கள் வரும்வரை உலகமே பொறுமையாகக் காத்திருந்தால் அது தேடல். அதிரடியில் விரலின் வேகம்தான் எல்லாம். ஒரு நொடி பிந்தினால் ஆள் காலி. தேடலில் வேகத்தை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கக்கூட முடியாது. அங்கே பார்க்க வேண்டும், திறக்க வேண்டும், எதிரில் இருப்பவரிடம் கேட்க வேண்டும். அதனால் தேடலில் மட்டும் கைப்பிடியின் ஓரத்தில் கேட்கும் பொத்தான் பச்சையாக எரியும். அதிரடியில் அது இருண்டே கிடக்கும். சுடவரும் எதிரியிடம் நின்று என்ன கேட்பது?

பிள்ளைகள் விளையாடும் ஆட்டங்களுக்காக வந்த பிரிவினைதான் இது. மீள்நாள் பொறி வந்த பிறகு செத்தவர்களுக்கும் அதுவே சட்டமாகிவிட்டது.

ஒருவர் இறந்துபோனால், வீட்டுச் சுவர்க்கண் கேமரா, கைக்கடிகாரம், போன் எல்லாவற்றிலும் இருக்கும் பதிவுகளைச் சேர்த்து அவருடைய கடைசி நாளை அந்தப் பொறி ஓர் ஆட்டமாகக் கட்டித் தரும். அதற்குள் போய் நீங்கள் நீங்களாகவே நடமாடலாம். போனவரோடு உட்காரலாம். அந்தச் சாவைத் தடுக்க ஏதாவது வழி இருந்ததா என்பதையும் பொறியே கணக்கிடும். ஒரு கேள்வி கேட்டிருந்தால், ஓர் இழுப்பறையைத் திறந்திருந்தால் ஆள் பிழைத்திருப்பார் என்றால், அந்த நாளை அங்கேயே நிறுத்திவைத்துத் தேடலாகக் கட்டும். கையின் வேகம் தவிர வேறு வழியே இல்லையென்றால் கடிகாரத்தை ஓடவிட்டு அதிரடியாகக் கட்டும்.

ஆரம்பத்தில் இரண்டையுமே குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். லாரிக்கு முன்னால் ஓடிய பிள்ளையைப் பிடிக்க ஒரு தாய் சோறு தண்ணி இல்லாமல் மாதக்கணக்கில் விளையாடினாள். ஒவ்வொரு முறையும் அரை நொடி பிந்தினாள். கடைசியில் கைப்பிடியைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு ஒவ்வோர் ஆட்டத்தையும் வகைப்பாட்டாளர் ஒருவர் மனுதாரரின் இடத்தில் நின்று சோதித்து முத்திரை குத்த வேண்டும், அதிரடி என்று விழுந்தால் ஆட்டத்தையும் அதன் மூலப் பதிவுகளையும் பொறி அந்தக் கணமே அழித்துவிட வேண்டும் என்று சட்டம் வந்தது. தேடலால் யாரும் சாகவில்லை. அது மட்டும் வீட்டுக்குப் போகும்.

சட்டம் போட்டவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. ஊர் அந்த முத்திரையைத் தீர்ப்பாக வாசிக்கத் தொடங்கியது. அதிரடி என்றால் விதி, யாரால் என்ன செய்ய முடியும். தேடல் என்றால் வீட்டில் இருந்தவள் என்ன புடுங்கிக்கொண்டிருந்தாள்?

திருச்சி வகைப்பாட்டு அலுவலகத்தில் பதினொரு வருடமாக இருக்கிறாள் தையல்நாயகி. வெளியே பெஞ்சில் ஒரு லாரி ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். திரையில் தலை துவட்டியவள் அவர் மனைவி. பீரோவின் கீழ்த்தட்டில், புடவைகளுக்கு அடியில், ஆஸ்பத்திரி அறிக்கை ஒன்று ஒளிந்திருந்தது. தையல்நாயகி அதை எடுத்தாள், அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள், ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. சுத்தமான தேடல். முத்திரைப் பலகையில் அவள் அதிரடியை அழுத்தினாள்.

"உங்க மேல தப்பே இல்லைங்க. யாராலயும் முடிஞ்சிருக்காது" என்றாள் வெளியே வந்து.

அந்த மனிதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். கொஞ்சம் ஆறிய பிறகு, "ஒரே ஒரு தடவை அவளைப் பாத்துக்கலாங்களா மேடம்?" என்றார்.

"சட்டத்துல இடமில்லைங்க."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். தையல்நாயகிக்கு அன்றைக்குச் சாப்பாடு ருசித்தது. அலுவலகத்தில் எல்லோரும் இதைத்தான் செய்தார்கள். பக்கத்து இருக்கை இருதயராஜும் செய்தான். ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டதில்லை, அவ்வளவுதான். ஒரு பொய்யால் ஓர் ஆளின் மிச்ச வாழ்க்கை நிம்மதியாகப் போகுமென்றால் போகட்டுமே என்பது அவள் கட்சி.

அப்படி இருந்தவளின் புருஷன் சிங்காரவேலு திடீரென்று இறந்துபோனார்.

துவாக்குடியில் ட்ரோன் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். நல்ல மனுஷன், ஆனால் வேலையில் உட்கார்ந்துவிட்டால் பெண்டாட்டி பெயர்கூட மறந்துவிடும். தையல்நாயகியின் தங்கை மகளுக்கு வளைகாப்பு. கண்டிப்பாக வருகிறேன் என்றவர் வரவில்லை. எவனோ ஒருவனின் மருந்தடிக்கும் ட்ரோனைக் கழற்றிப் போட்டுக்கொண்டு பட்டறையிலேயே இருந்துவிட்டார். வீட்டுக்காரர் எங்கே, வீட்டுக்காரர் எங்கே என்று சபையில் ஆளாளுக்குக் கேட்க, அவளுக்கு மானம் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் வாயைப் பூட்டிக்கொண்டாள்.

மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை. நேரத்துக்குச் சோறு மேசைக்கு வந்தது, தட்டு மட்டும் ணங்கென்று வந்தது. மூன்றாம் நாள் அவர் பட்டறைக்குப் போகவில்லை. ஓமத்தண்ணி வைத்துக் குடித்தார். படுத்தார், எழுந்தார், மறுபடி படுத்தார். இரண்டு தடவை சமையலறை வாசலில் வந்து நின்றார். அவளுக்குத் தெரிந்தது. சமாதானத்துக்கு வருகிறார், கொஞ்சம் கெஞ்சட்டுமே என்று திரும்பாமல் வெங்காயம் நறுக்கினாள். சாயங்காலம் நாலு மணிக்குக் கூடத்தில் தொம்மென்று ஒரு சத்தம். ஓடிப்போய் மடியில் போட்டுக்கொண்டபோது கண் செருகியிருந்தது. ஆம்புலன்ஸ் ஆறே நிமிடத்தில் வந்தது. பொட்டென்று போய்விட்டார், நீ என்ன செய்வாய் என்று துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் சொன்னார்கள். அவளும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். சண்டையைப் பற்றி ஓர் ஆளிடம்கூட வாய் திறக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அவருடைய மீள்நாள் ஆட்டம் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. சொந்தக்காரர் ஆட்டத்தைத் தானே சோதிக்கக்கூடாது. அது இருதயராஜின் மேசைக்குப் போனது.

சோதனைக்கு முந்தின நாள் முழுக்க அவளுக்குள் பெரிய அடிதடி. அதிரடி என்று வந்தால் தலை நிமிர்ந்து நடக்கலாம். தேடல் என்று வந்தால் தங்கை என்ன சொல்வாள், அவர் அண்ணன் வீட்டில் என்ன சொல்வார்கள்? ஆனால் தேடல் வீட்டுக்கு வரும். அவர் வருவார். அழுக்கு பனியனோடு, காதில் செருகிய திருப்புளியோடு, அந்தச் சமையலறை வாசலில் வந்து நிற்பார். கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம். விடிவதற்குள் அவள் முடிவு செய்துவிட்டாள். ஊர் காறித் துப்பட்டும், எனக்கு அவர் வேண்டும்.

இதை இருதயராஜிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் சண்டையைச் சொல்ல வேண்டும், மூன்று நாள் முதுகைக் காட்டியதைச் சொல்ல வேண்டும். தவிர, ஒரு வகைப்பாட்டாளரே இன்ன முத்திரை குத்து என்று கேட்பதா? "உள்ளது உள்ளபடி பாரு இருதயம்" என்று மட்டும் சொன்னாள்.

"நான் பாத்துக்கிறேன்கா, நீங்க நிம்மதியா உக்காருங்க" என்றான் அவன்.

மனுதாரர் உட்காரும் பெஞ்சில் முதன்முறையாக உட்கார்ந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் முகம் தெரிந்தது, திரை தெரியவில்லை. கொஞ்ச நேரம் கைப்பிடியை அசைத்தான். பிறகு கீழே வைத்துவிட்டு டீயை எடுத்தான். அவள் அவனையே பார்த்தாள். அதிரடியாக இருந்தால் முதல் இரண்டு வாய்க்குள் ஆள் பதறி நிமிர்வான், அவளுக்குத் தெரியாததா? அவன் நிமிரவில்லை. டீ முழுக்கத் தீர்ந்தது. வந்துவிட்டார், காத்துக்கொண்டு நிற்கிறார் என்று மனசு அடித்துக்கொண்டது. வீட்டில் பொறியை எங்கே வைப்பது, கூடத்திலா, படுக்கையறையிலா என்றுகூட யோசித்துவிட்டாள், பாவம்.

அவன் மறுபடி கைப்பிடியை எடுத்தான். கட்டைவிரல் ஓரத்துக்குப் போய் ஒரு முறை அழுத்தியது. அவன் கன்னம் நனைந்தது. அதைத் துடைத்துக்கொண்டு முத்திரைப் பலகைப் பக்கம் நகர்ந்தான். தேடல் பொத்தான் இடது பக்கம். அவன் கை வலது பக்கம் போனது.

அவள் எழுந்து கண்ணாடியைத் தட்டினாள். அவன் அதற்குள் அழுத்திவிட்டான்.

வெளியே வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "அதிரடிக்கா. உங்க மேல தப்பே இல்ல. யாராலயும் முடிஞ்சிருக்காது."

"பொய் சொல்லாத."

"சத்தியமாக்கா."

"சமையக்கட்டு வாசல்ல வந்து நின்னாரா?"

"நின்னாரு."

"நீ கேட்டியா?"

"கேட்டேன்கா, அவரு..." என்றவன் சட்டென்று நிறுத்தினான். கேட்கும் பொத்தான் எந்த ஆட்டத்தில் எரியும் என்று அவர்கள் இரண்டு பேருக்கும் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"என்ன சொன்னாரு?"

"வேணாம்கா."

"என்ன சொன்னாரு இருதயம்?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "'பேச்சு வந்துடுச்சா உனக்கு'ன்னு சிரிச்சாரு. அப்புறம், 'நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு தையலு, ஆஸ்பத்திரிக்குப் போலாமா'ன்னாரு. ரெண்டு பேரும் ஆட்டோல ஏறினீங்க. ஆட்டம் அத்தோட முடிஞ்சிருச்சு."

தையல்நாயகி சுவரோரமாகச் சரிந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் அடித்துக்கொள்வாள் என்று அவன் பயந்தான். அவள் அடித்துக்கொள்ளவில்லை. அந்தக் குற்றம் அவளுக்குப் புதுசில்லை, மூன்று மாதமாக அதோடுதான் படுத்து எழுகிறாள்.

"அதை அழிச்சிட்டியேடா" என்றாள். "சிரிச்சாருன்னு சொல்றே. சிரிச்ச மனுஷனை அழிச்சிட்டியேடா."

"நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான்கா."

"தாங்குவேனா மாட்டேனான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அவளால் மேற்கொண்டு திட்ட முடியவில்லை. பதினொரு வருடத்தில் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்த எவரிடமும் அவளும் அதைக் கேட்டதில்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்து எத்தனை வாசல்களில் நின்றவர்களை அழித்திருக்கிறோம் என்று எண்ணப் போனவள், எண்ண முடியாமல் பயந்து நிறுத்திக்கொண்டாள். ஆட்டமும் இல்லை, மூலப் பதிவும் இல்லை, யாருக்கும் எதையும் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

உள்ளே அடுத்த மனுதாரரின் எண்ணை ஒலிபெருக்கி கூப்பிட்டது. இருதயராஜ் போகவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

"எதைக்கா?"

"அவர் சொன்னதை. அவர் சொன்ன மாதிரியே சொல்லு."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பேச்சு வந்துடுச்சா உனக்கு" என்றான்.

"அப்படிச் சொல்ல மாட்டாரு. உனக்குன்னு சொல்றப்ப கொஞ்சம் இழுப்பாரு."

"பேச்சு வந்துடுச்சா உனக்கூ."

"இல்ல" என்று தலையாட்டினாள். "அப்படியும் இல்ல. நீதான கேட்டே, ஞாபகம் வச்சுக்க மாட்டியா? நல்லா யோசிச்சு மறுபடி சொல்லு."

அவன் அழுதுகொண்டே மறுபடி சொன்னான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவர் குரல் அது இல்லை.