உள்ளே மூன்று பேர்

மத்தியானம் பன்னிரண்டரை மணிக்குத் தனலெட்சுமி தோட்டத்தின் பதினேழாம் பிளாக்கின் கேட்டுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது, பின்னால் உட்கார்ந்திருந்த அவளுடைய தாய்மாமன் முருகையா இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை. பகாவ் சந்தையில் பார்த்துப் பார்த்து வாங்கிய மீன் வீட்டில் குழம்பாகிக்கொண்டிருக்க, அவர் மட்டும் செம்பனைக் காட்டில் கொசுவுக்குச் சாப்பாடு போட வந்திருந்தார்.

"ஆறு மணிக்குக் கோயில்ல இருக்கணும். உங்க அத்தை சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு மாமா. நாலு மணிக்கெல்லாம் பத்திரமா கொண்டாந்து விட்டுடறேன்னு அத்தைகிட்ட சொல்லிட்டுதான் வந்திருக்கேன்லா."

சொன்னது மட்டுமல்ல, மாமாவின் மனைவி பஞ்சாலை அத்தையின் கையைப் பிடித்துச் சத்தியமே செய்திருந்தாள். முருகையாவின் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை அத்தை ஒரு சின்னப் புட்டியில் போட்டு மோட்டார் கூடைக்குள் வைத்திருந்தாள்.

வேலை பெரிதல்ல. பிளாக்குக்குள், எண்ணெய்க்காக வெட்டிய பழக் குலைகளை அடுக்கி வைக்கும் இடங்கள் அறுபது. அவற்றைப் பிளாட்பாரம் என்பார்கள். ஒவ்வொன்றிலும் கோடுகோடாய் அச்சிட்ட ஒரு தகட்டை ஆணியடித்து, மெஷினால் அந்தக் கோட்டைப் படிக்க வைக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குள் முடிந்தாக வேண்டுமென்று மேனேஜர் சொல்லிவிட்டார். மாமா இந்தத் தோட்டத்தில் முப்பது வருஷம் ஆட்களை வேலை வாங்கிய மண்டோர். கண்ணைக் கட்டிவிட்டாலும் அறுபதையும் காட்டுவார்.

மெஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பார்ப்பதற்குத் தடித்த கைப்பேசி. தூக்கினால் செங்கல். விற்க வந்தவன் அதை ஆபீஸ் படிக்கட்டிலிருந்து கீழே போட்டுக் காட்டினான், வாளித் தண்ணீரில் முக்கிக் காட்டினான், எதற்கும் அசையவில்லை. பகாவ் சூப்பர்மார்க்கெட் கிடங்கில் ஐந்து வருஷம் ஸ்கேனரோடு புழங்கிய தனலெட்சுமிக்கே அதன் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. அவளிடம் ஒன்று, மாமாவிடம் ஒன்று. ஒன்றில் பதிவது மற்றதிலும் தெரியும். பொத்தானை அழுத்திப் பேசவும் செய்யலாம். கேட்டுக்கு மேலே கம்பத்தில் கட்டியிருந்த வெள்ளைப் பெட்டி இரண்டையும் பிணைத்து வைத்திருந்தது.

கேட்டின் பூட்டும் அதே மெஷினின் பேச்சைத்தான் கேட்கும். பழத் திருட்டுக்குப் பயந்து பிளாக்கைச் சுற்றி ஆளை முழுங்கும் ஆழத்துக்குப் பாரிட் வாய்க்கால் வெட்டி, அதற்கு மேல் முள்கம்பியும் போட்டிருந்தார்கள். வழி இது ஒன்றுதான். குறைந்தது மூன்று பேரின் வேலை அட்டையைப் படித்தால்தான் கேட் உள்ளே விடும். உள்ளே போன அத்தனை பேரின் அட்டையையும் மறுபடி படித்தால்தான் வெளியே விடும். ஒருவன் அடிபட்டு விழுந்தால் தூக்க இரண்டு பேராவது வேண்டும் என்பது மேலிடத்தின் யோசனை. நல்ல யோசனைதான்.

மூன்றாவது ஆள் சந்திரன். அவனுக்குக் காய்ச்சல். சந்திரனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் காய்ச்சல் வருவது ஊரறிந்த விஷயம்.

தனலெட்சுமி சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். ஆபீசில் பிஸ்கட் டின்னுக்குள் கிடந்த பழைய அட்டைகளில் மேலாக இருந்த ஒன்று. பெயர் இல்லை. எண் மட்டும்: 0317.

"யாரோடது இது?" என்றார் முருகையா.

"வேலைய விட்டுட்டுப் போன யாரோடதோ. மூணு பேரு கணக்குக்குத்தான் மாமா."

முருகையா அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். பெரட்டில் வராதவனுக்குப் பேர் போட்டுவிடுவதைத் தோட்டத்தில் யாரும் பாவமாக நினைத்ததில்லை. அவரே எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறார். ஆனாலும் அவர் முகம் சுருங்கியது.

"வராதவனுக்குப் பேர் போடலாம். யாருன்னே தெரியாதவனுக்குப் போடறது நல்லால்லம்மா."

டிட். டிட். டிட்.

உள்ளே: 3 என்றது திரை. கேட் திறந்தது. மோட்டாரை உள்ளே தள்ளி ஓரமாக நிறுத்தியதும் கேட் தானாக மூடிக்கொண்டது.

செம்பனைக்குள் மத்தியானம் என்பது பேருக்குத்தான். மட்டைகள் தலைக்கு மேல் பின்னிக்கொண்டு வெயிலை மறித்திருந்தன. அழுகிய பழத்தின் புளிப்பு நெடி. மாமா ஆணியடிப்பார், அவள் மெஷினை நீட்டுவாள், டிட். அடுத்த பிளாட்பாரம். மறுபடி டிட். பத்து முடிந்தது, இருபது முடிந்தது.

இருபத்தைந்து வாக்கில்தான் அவள் அதைக் கேட்டாள். அவள் விரல் பொத்தானில் இல்லாதபோது, பின்னால், தூரத்தில்.

டிட்.

"மாமா, நீங்க அமுக்குனீங்களா?"

"என்னுது பையில கெடக்கு. குருவிம்மா. சும்மா நட."

நடந்தாள். குருவி என்று மாமா சொன்னால் குருவிதான் என்று மனத்துக்குச் சொல்லிக்கொண்டாள். மனம் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு அறுபதும் முடிந்தது. கேட்டுக்கு வந்து தன் அட்டையை எடுத்தாள். மாமா தன்னுடையதைக் கொடுத்தார். மூன்றாவதுக்காகச் சட்டைப் பைக்குள் கை விட்டாள்.

பை காலி.

கால்சட்டைப் பை, ஆணிப் பை, மோட்டார் கூடை எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தாள். இல்லை. 0317 என்று மெஷினில் அடித்துப் பார்த்தாள். அட்டையின் கோட்டைக் காட்டு என்றது மெஷின். கேட்டை உலுக்கினாள். கோபத்தில் மெஷினைக் கேட்டுத் தூணில் ஓங்கி அடித்தாள். தூணில்தான் பெயின்ட் உதிர்ந்தது. கைப்பேசியில் லைன் சுத்தமாக இல்லை.

"எங்க விழுந்திருக்கும்? அந்த மெஷின்ல ஏதும் தெரியுதா பாரு."

பதிவுகளைத் திறந்தாள்.

ஒவ்வொரு பிளாட்பாரமும் இரண்டு முறை பதிவாகியிருந்தது. ஒன்று அவள் எண். அதற்குச் சரியாக நான்கு நிமிஷம் கழித்து இன்னொன்று. 0317. ஒன்றாம் பிளாட்பாரத்திலிருந்து வரிசை பிசகாமல் நாற்பத்து நான்கு வரை. அதற்குப் பிறகு அவள் எண் மட்டும்.

"மாமா... நம்ம பின்னாலயே வந்திருக்கு."

"என்ன வந்திருக்கு? மெஷின் கொழம்பிப் போயிருக்கு. புது மாடு முட்டத்தான் செய்யும்." அவர் குரலில் இருந்த தைரியம் கண்ணில் இல்லை. "நாப்பத்து நாலுதானே கடைசி? அப்ப அங்கதான் அட்டை விழுந்திருக்கு. நான் போய் எடுத்தாறேன்."

"நானும் வரேன்."

"ரெண்டு பேரும் உள்ள போயிட்டா ரோட்ட யாரு பாக்கறது? நீ இங்க நில்லு. யாராச்சும் ரோட்டுப் பக்கம் போனா கத்து. இந்தா, என் அட்டையையும் நீயே வெச்சுக்க. இதையும் நான் தொலச்சிடப் போறேன்."

வானம் இருட்டியிருந்ததால் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு, தன் மெஷினோடு அவர் மரங்களுக்குள் நடந்தார். மாத்திரைப் புட்டி கூடையிலேயே இருந்தது. அவளுக்கு அது தோன்றவில்லை. அதை நினைத்து அவள் பிற்பாடு தன்னையே எத்தனையோ முறை திட்டிக்கொண்டாள்.

மழை பிடித்தது. பாதையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கேட்டுக் கம்பியில் முதுகைச் சாய்த்து நின்றாள். முதுகுக்குப் பின்னால் யாரும் வர முடியாது என்ற ஆறுதலுக்காக.

மெஷின் தானாகத் துடித்தது.

பிளாட்பாரம் 30 — 0317.

பிறகு 20. பிறகு 10.

அது கேட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

பிளாட்பாரம் 1 — 0317.

மழைக்குள்ளிருந்து ஒரு மழைச்சட்டை வெளிப்பட்டது. தோட்டத்தில் எல்லோருக்கும் கொடுக்கும் அதே மஞ்சள் சட்டை, தலை மறைய இழுத்துவிட்ட தொப்பி. வலது கையில் அட்டை.

"மாமா!" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "கெடச்சிருச்சா! நல்ல வேள, அந்தப் பதிவெல்லாம் நீங்கதானா? நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்."

அட்டை மட்டும் அவள் முன் நீண்டது. மாமா கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். மூன்று அட்டைகளையும் படித்தாள். உள்ளே: 0. கேட் திறந்தது. மோட்டாரை வெளியே எடுத்து உதைத்தாள். பின்சீட் அமுங்கியது. ஒரு நொடியும் நிற்காமல் செம்மண் பாதையில் விரட்டினாள்.

அரை மைல் இருக்காது. இடுப்பில் மெஷின் கரகரத்தது.

"தனம்... அட்டை கெடைக்கலம்மா."

மாமாவின் குரல்.

மோட்டார் தானாக வேகம் குறைந்தது. அவள் கைதான் குறைத்திருக்க வேண்டும்.

"எல்லா எடமும் பாத்துட்டேன். நெஞ்சு புடிக்குதும்மா. நாப்பத்து நாலுலயே உக்காந்துட்டேன். நடக்க முடியல. அந்த மாத்திர... கொஞ்சம் சீக்கிரம் வா."

பின்சீட் அமுங்கியே இருந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை கால் விழுந்துவிடும், மாமா செத்துப்போவார் என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தோட்டத்து ஆபீஸ் ஆறு மைல். போய் ஆளைக் கூட்டி வருவதற்குள் என்னென்னவோ ஆகிவிடும். வாய்க்கு வந்த சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பினாள். திருப்பும்போது பின்னால் இருந்ததும் கூடவே சாய்ந்து கொடுத்தது, பழகின ஆள் சாய்வது போல.

கேட். தன் அட்டையைப் படித்தாள். டிட். மாமாவின் அட்டையைப் படித்தாள். டிட்.

இன்னும் ஒருவர் தேவை என்றது திரை.

மறுபடி படித்தாள். இன்னும் ஒருவர் தேவை.

"தனம்..." மெஷினில் மூச்சு மட்டும் இழுத்தது.

கேட்டைப் பார்த்தபடியே அவள் ஒரு கையைப் பின்பக்கம் நீட்டினாள். எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. தெரிந்த ஒரே முறைதான் நாக்கில் வந்தது.

"அந்த அட்டையக் கொஞ்சம் குடுங்க மாமா."

நீட்டிய கையில் எதுவும் வைக்கப்படவில்லை. அவள் தோளுக்கு மேலாக ஒரு மஞ்சள் சட்டைக் கை நீண்டு, மெஷினுக்கு நேராக அட்டையைப் பிடித்தது. இத்தனை மழையிலும் அந்தச் சட்டைக் கையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

டிட்.

உள்ளே: 3.

கேட் திறந்தது. மோட்டாரை அப்படியே சாய்த்துவிட்டுப் புட்டியோடு ஓடினாள். பின்னால் சேற்றில் இரண்டு கால்கள் ஓடி வந்தன. அவள் வேகத்துக்கு வேகம். நாற்பதாம் பிளாட்பாரம் வரை கேட்டது. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மாமா மரத்தில் சாய்ந்து கிடந்தார். உயிர் இருந்தது. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, நெஞ்சை நீவி, மடியில் சாய்த்துக்கொண்டாள். கால் மணி நேரத்தில் நிறம் திரும்பியது. தோளில் தாங்கி, நின்று நின்று கேட்டுக்குக் கொண்டு வந்தாள். மழை விட்டிருந்தது. மணி ஐந்து. அத்தை இந்நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். மாமா உயிரோடிருக்கிறார், அது போதும் என்று நினைத்தாள்.

இரண்டு அட்டைகளையும் படித்தாள்.

உள்ளே: 1. கேட் அசையவில்லை.

முருகையா திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தனம், கேட்டுக்கு மூணு பேரு வேணுமே. நீ எப்படிம்மா உள்ள வந்த?"

சொன்னால் அவர் நெஞ்சு தாங்காது. அவர் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் மெஷின் துடித்தது. மரங்களுக்குள்ளிருந்து, தூரத்திலிருந்து, அந்தச் சத்தமும் கேட்டது.

பிளாட்பாரம் 45 — 0317.

நான்கு நிமிஷம் கழித்து, இன்னும் கொஞ்சம் தள்ளி.

பிளாட்பாரம் 46.

அது போய்க்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், கேட்டுக்கு எதிர்ப்பக்கமாக.

"வாங்களேன்..." என்று தனலெட்சுமி மரங்களைப் பார்த்து மெதுவாகக் கூப்பிட்டாள். "வீட்டுக்குப் போகணும். கொஞ்சம் வாங்களேன்."